மாதாந்திரப் பராமரிப்பு

ஜூன் 17, செவ்வாய்

ரயில் பகவதிபுரத்தில் நின்றுவிட்டது. ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கள் வீட்டு பேட்டரி தீர்ந்துவிட்டது.

புது டைரி என்பதால், வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் எழுந்து பேர் சொல்வது மாதிரி முறையாகவே ஆரம்பிக்கிறேன். நான் உலகம்மாள். பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்து ரிட்டயர் ஆகி, இப்போது ஒரு தனியார் பள்ளியில் அதையே எடுக்கிறேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர் சங்கரநயினார், நூற்பாலையில் பஞ்சுக்கு நடுவே சூப்பர்வைசராக இருந்தவர். உள்ளே பஞ்சுத் தூசி, வெளியே வந்தால் சிகரெட். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு நுரையீரலைத் தின்றுவிட்டன. இப்போது மூக்கில் குழாய். கரண்டில் ஓடுகிற ஆக்ஸிஜன் மெஷினை, சத்தம் போடுகிறது என்று பின் அறையில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். அங்கிருந்து நீளக் குழாய் ஹால்வரை வரும். வாசல் கேட்வரை போகாது.

இன்று ராஜபாளையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். மற்ற வீடுகளில் முந்தின நாளே மாவரைத்து, தொட்டி நிரப்பி, போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைப்பதோடு சரி. எங்கள் வீட்டில் கூடுதலாக நான் பள்ளிக்கு லீவு போட வேண்டும். மெஷின் இன்வெர்ட்டரில் ஓடும். பேட்டரி தீர்ந்ததும் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து சிலிண்டருக்கு மாற்ற ஒரு ஆள் வேண்டும். மற்ற நாட்களில் கூட இருக்கிற மாடத்திக்கு சிலிண்டர் என்றாலே நடுக்கம். வெடிக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சனி, ஞாயிறு என்றால் எனக்கு டியூஷன், பேப்பர் திருத்தல் என்று போய்விடும். ஆகையால் கரண்ட் இல்லாத நாள்தான் நாங்கள் இரண்டு பேரும் பகலில் வீட்டில் சேர்ந்து இருக்கிற நாள். அன்றைக்குத்தான் ரயில். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் பூரணி, பொங்கலுக்கு வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை டிவியோடு சேர்த்துவிட்டு, எஞ்சின் முகப்பில் கேமரா வைத்து எடுத்த ரயில் படங்களாக அதில் நிரப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஊர் கிளம்பி ஊர் சேர்கிற வரைக்கும் முழுசாக ஓடும். மற்ற நாளில் இவர் அதைத் தொடுவதே இல்லை. மாடத்தியிடம் போடச் சொல்லலாமே என்றால், தனியாக ரயிலில் போக நான் என்ன டிக்கெட் பரிசோதகரா என்கிறார். விந்தையான மனுஷன்.

இன்று ராஜபாளையத்திலிருந்து புனலூர். ரிட்டயர் ஆனதும் நேரிலேயே போவதாக இருந்த ஊர். சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை எல்லாம் வந்தன. பகவதிபுரம் தாண்டினால் குகை, அப்புறம் மலை, பதிமூன்று கண் பாலம். அந்த இடத்தில் டிவி அணைந்தது. பின் அறையில் மெஷின் வீறிட்டது. ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்து, அவரைப் படுக்க வைத்தேன்.

"அடுத்த மாசம் குகைக்குள்ள போவோம் டீச்சர்" என்றார். நாற்பது வருஷமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், கேலியா மரியாதையா என்று இன்னும் பிடிபடவில்லை.

அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. மீதி நேரம் பரணை ஒதுங்க வைத்தேன்.

ஜூன் 18, புதன்

பள்ளி ஆய்வகத்திலிருந்து வாட் மீட்டர் எடுத்து வந்தேன். பிளக்குக்கு நடுவே சொருகினால் எது எவ்வளவு தின்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஆக்ஸிஜன் மெஷின் முந்நூறு. அதன்மேல் கை வைக்க முடியாது. டிவி, ஃபேன் நியாயமாகத்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர்தான் திருடன். சும்மா ஒரு படம் ஓட்டுவதற்கு எண்பது வாட் இழுக்கிறது. பின்பக்கம் கை வைத்தால் தோசைக்கல்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தக்கபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி, பேர் ஊர் இல்லாத மட்டரகச் சரக்கு. எண்பதை வாங்கி நாற்பது சொச்சத்தைக் கொடுத்துவிட்டு மீதியைச் சூடாக்கி வெளியே ஊதுகிறது. காய்ச்சுகிற பாலில் பாதி பொங்கி அடுப்பிலேயே போகிற வீடு விளங்குமா?

மாற்றிவிட வேண்டியதுதான். நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது இன்று.

ஜூன் 20, வெள்ளி

ஜெய்லானி கடைக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் விற்கிற பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவன் மகளே என்னிடம் படித்து முடித்துவிட்டாள்.

கரண்ட் குறைவாகத் தின்கிற எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்றதும் ஒரு பெரிய பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தான். அறுநூற்றைம்பது வாட்டாம். கோல்டு தரமாம். டீச்சருக்கு இதைவிடக் குறைவாகக் கொடுக்க அவனுக்கு மனசு வராதாம். என் கம்ப்யூட்டருக்குத் தேவையே நாற்பது சொச்சம்தானப்பா என்றேன். பெரிசாக இருந்தால் நல்லதுதானே டீச்சர், பின்னாடி உதவுமே என்றான். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு டம்ளர் டீ போட கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றினால், அண்டா சூடாவதற்கே பாதி கேஸ் போய்விடும். பெட்டிமேல் போட்டிருக்கிற கோல்டு எல்லாம் அது பாதிப் பாரம் இழுக்கும்போது எடுத்த மார்க். நம் வீட்டில் அது பத்தில் ஒரு பங்குகூட இழுக்கப் போவதில்லை, அங்கே அதன் மார்க் என்ன என்று பெட்டியில் போடவில்லை. இதைக் கடையில் நின்றபடி அவனுக்கு ஒரு பீரியட் எடுத்தேன். வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் நின்று கேட்டார்கள்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். லேப்டாப் சார்ஜர் மாதிரி வெளியே ஒரு கட்டை, உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன போர்டு, ஃபேனே கிடையாது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றான். நான் கேட்டதும் அதுதான், அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன. பெரிய பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பூரணியோடு போனில் சண்டை. பேட்டரியே பன்னிரண்டு வோல்ட், கம்ப்யூட்டருக்கு வேண்டியதும் பன்னிரண்டு வோல்ட், நடுவில் எதற்கு அதை இருநூற்று முப்பதாக ஏற்றித் திரும்ப இறக்க வேண்டும், பேட்டரியிலிருந்தே நேராக ஒரு ஒயர் இழுத்தால் என்ன என்று கேட்டேன். "அம்மா, ஆக்ஸிஜன் இருக்கிற வீட்ல நீ ஒயர் கியர் இழுத்தன்னா நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருவேன்" என்றாள். அவள் சொல்வது நியாயம். ஆனாலும் என் யோசனை தப்பில்லை.

அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். இவர் பேசியதைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 28, சனி

சரக்கு இன்னும் வரவில்லை. ஜெய்லானி இன்ஷா அல்லாஹ் திங்கள் என்கிறான்.

ஜூலை 3, வியாழன்

வந்துவிட்டது. நானே மாட்டினேன். இவர் சோபாவில் குழாயோடு உட்கார்ந்து, கூட வந்த காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். சீன மொழிப் பக்கத்தையும் படித்துக் காட்டினார். மாடத்தி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டரில் நாற்பத்தாறு. கட்டையைத் தொட்டால் குழந்தை நெற்றி மாதிரி லேசான வெதுவெதுப்பு. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

"அப்போ எதுவரைக்கும் போவும்?" என்று கேட்டார்.

"புனலூர் வரைக்கும் போகும்" என்றேன்.

இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். மெஷின் தின்கிற முந்நூறுக்குப் பக்கத்தில் நான் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. கூடப் பத்து நிமிஷம் ஓடும், மிஞ்சிப்போனால் கால் மணி. குகைக்குள் நுழைந்து வெளியே வரலாம், அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்குக் கணக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

புனலூர் போய்விட்டோம்!

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் ரயிலைக் கிளப்பினேன். தென்காசி வரும்போது இவர் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தார். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், போகத்தான் வேண்டும். பின் அறை வழியாக மெதுவாகப் போய் மெதுவாக வந்தார். படத்தை நிறுத்தி வைக்கட்டுமா என்றதற்கு, ரயில் யாருக்காவது நிற்குமா டீச்சர் என்றார்.

பகவதிபுரம் வந்தபோது நான் இன்வெர்ட்டரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கப் பச்சை விளக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. குகை வந்தது. டிவி இருண்டு, ஹாலும் இருண்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது. அதன்பிறகு ஆரியங்காவு, பாலம், தென்மலை என்று மலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைப் பாதி மூடி ரசித்துக்கொண்டிருந்தார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டலாமா என்றேன். கை குளிர்ந்திருக்கும்போது அது பொய் சொல்லும் என்று மறுத்துவிட்டார். அதுவும் உண்மைதான், நானே சொல்லிக் கொடுத்த பாடம்.

ஒற்றக்கல் தாண்டியதும் இன்னொரு தடவை பாத்ரூம். கொஞ்ச நேரத்தில் புனலூர் பிளாட்பாரம் வந்தது. இருவரும் இறங்கவில்லையே தவிர வந்து சேர்ந்துவிட்டோம். பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. எழுந்து நின்று கை தட்டினேன், என் வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இவர் சிரித்தார்.

பிறகு பேட்டரி தீர்ந்ததும் சிலிண்டருக்கு மாற்றினேன். போட்டதும் தூங்கிவிட்டார்.

ஜூலை 16, புதன்

ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் சொன்னேன். கூட வேலை பார்க்கிற கிருத்திகா மட்டும், அவளும் இயற்பியல்தான், முப்பது வாட் மிச்சத்துக்கு இவ்வளவு நேரம் எப்படி மேடம் கூடும் என்றாள். போன வாரம் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், ஹால் டியூப்லைட்டைப் போடவில்லை, வெயிலும் இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். பரீட்சையில் ஒரு பிள்ளை இந்தப் பதிலை எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

ஜெய்லானியிடமும் போனில் சொன்னேன். அவன் பெரிய பெட்டியைப் பற்றி இனிமேல் யாரிடமும் பேச மாட்டானாம்.

ஜூலை 17, வியாழன்

மாடத்தி புகார் வாசித்தாள். இவர் நேற்று முழுக்கத் தூங்கியே கழித்தாராம், தலை வலிக்கிறது என்றாராம். "உதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாரி இருந்துச்சு டீச்சரம்மா" என்றாள். மாடத்திக்கு எல்லாமே கொஞ்சம் கூடத்தான் தெரியும். நான் பார்க்கும்போது உதடு உதடாகத்தான் இருந்தது. நாலு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் யாருக்கும் அலுப்பு இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக் காற்று. மரக்கிளை ஒயரில் விழுந்து மத்தியானம் கரண்ட் போனது. சொல்லாமல் போன கரண்ட் என்பதால் ரயில் இல்லை. நான் மாதத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன், இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர், டிவி, ஃபேன், மெஷின் எல்லாம் அன்றைக்கு ஓடிய அதே சாமான்கள்.

இரண்டு மணி நேரம் தாண்டிக் கொஞ்சம் போனதும் பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் கணக்குப் போட்டபடியே.

ஏன் என்று யோசிக்க நேரமில்லை. இன்னும் ஒரு கட்டுப் பேப்பர் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

பேப்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் பராமரிப்பு. இவர்தான் முதலில் பார்த்து, சுற்றிக் கோடு போட்டு வைத்திருந்தார். கல்யாண முகூர்த்தத்துக்கு இப்படி யாரும் காத்திருந்து பார்த்ததில்லை. இந்தத் தடவை கொங்கண் பக்கம் போகலாம் என்கிறார். ரத்னகிரியிலிருந்து மட்கான் வரை. அது புனலூரைவிட நீளம்.

பேட்டரி தாங்குமோ என்னவோ என்றேன். உன் எஸ்.எம்.பி.எஸ். மேலே உனக்கே நம்பிக்கை இல்லையா டீச்சர் என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளை பராமரிப்பு. மாவு அரைத்தாகிவிட்டது. மெஷின் இருக்கிற அறைக் கதவைத் திறந்தே வைக்கலாமா என்று நினைத்தேன். சத்தம் இடைஞ்சலாக இருக்கும். வேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத முடியவில்லை. நன்றாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே பாத்ரூம் என்று எழுந்து போய் வந்தார். மழையில் நனைந்த மலை, பாலம், குகை, திரும்பக் குகை. பச்சை விளக்குகள் இறங்கவே இல்லை. நான் அவற்றைப் பார்த்தேன், அப்புறம் டிவியைப் பார்த்தேன், திரும்ப விளக்கைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, மட்கான் இன்னும் தூரத்தில் இருக்கும்போது, மறுபடி எழுந்தார். சோபாக் கையைப் பிடித்து எழுந்தவர், சுவரைப் பிடித்து நடந்தார். அடுத்த குகை வந்து போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. இவர் வரவில்லை.

போய்ப் பார்த்தால் பின் அறையில், கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு கட்டிலில் சாய்ந்திருந்தது. மூக்கில் குழாய் ஒழுங்காக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கை மட்டும் மெஷின் பக்கம் நீண்டிருந்தது. எட்டவில்லை.

அறையில் சத்தமே இல்லை. கதவைத் திறந்ததும் காதை அடைக்கிற அந்த உறுமல் இல்லை.

இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆயிற்று. விழுந்துவிட்டாரா, மயக்கமா, நெஞ்சு வலியா, எதையும் நான் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிடக்கூட இல்லை. என் கை நேராக மெஷின் சுவிட்சுக்குத்தான் போனது. பக்கவாட்டில், கீழே, குனிந்து தேட வேண்டிய சுவிட்ச் அது. தேடவே இல்லை. அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஆடிக் காற்றடித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பேப்பர் கட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

மெஷின் உறும ஆரம்பித்தது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். எழுபது சொச்சம் காட்டியது. அது பொய் சொல்லவில்லை. சிலிண்டரையும் சேர்த்து, ஆட்டோவில் ஏற்றி, டாக்டரிடம் போனோம். சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மெஷின் இடையில் நின்றதா என்று டாக்டர் கேட்டார். கரண்ட் இல்லை சார் என்றேன். அவர் இன்னொரு சிலிண்டர் வாங்கி வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. ஹாலில் யாரும் இல்லாமல் ரயில் மட்கானில் நின்றுகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். போகவில்லை. மாடத்திக்கும் விடுமுறை. நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏன் மெஷினை அணைத்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீதான சொன்ன, புனலூர் வரைக்கும் போவும்னு. போகலன்னா உன் எஸ்.எம்.பி.எஸ். தோத்துப் போயிரும்ல்லா" என்றார்.

கேலி பேசுகிற நேரமா என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பேட்டரி தீந்தா என்ன செய்வ? என்னைக் கட்டில்ல போட்டு, சிலிண்டரை மாட்டிட்டு, பரண்ல ஏறிருவ. ரயில் ஓடுற வரைக்கும்தான நீ பக்கத்துல உக்காருத."

"அதுக்காக மூச்சை நிறுத்துவீங்களா?"

"கொஞ்ச நேரம்தான. தாங்கிரலாம்னு நெனச்சேன்."

குழாயை இழுத்து அவர் காதுக்குப் பின்னால் சரியாக மாட்டினேன்.

நான் உட்காருவதில்லை என்பது உண்மைதான். பென்ஷன் போதும், அந்தப் பள்ளிக்கு நான் போக வேண்டியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் மூச்சு கேட்கிறது. உள்ளே போகிறது, பாதியில் நிற்கிறது, இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது வருமா என்று என் நெஞ்சு காத்துக் கிடக்கிறது. எனக்குப் பயம். நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் அது கேட்காது. மிக்ஸி ஓடினால் கேட்காது. ரயில் ஓடும்போது தண்டவாளச் சத்தத்தில் கேட்காது, அதனால்தான் உட்கார முடிந்தது. என்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை, பயமா இருக்குங்க என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கும்தான்" என்றார்.

இவ்வளவு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல் ஆகவில்லை. மத்தியானம் தயிர் விட்டுப் பிசைந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளியில் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். இனி திங்கள், வியாழன் இரண்டு நாள்தான் வருவேன், மீதி வகுப்பைக் கிருத்திகா பார்த்துக்கொள்ளட்டும், டியூஷனும் இந்த வருஷப் பிள்ளைகளோடு சரி என்று சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

கிருத்திகாவிடம், அன்றைக்கு நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றேன். எந்தக் கேள்வி மேடம் என்று விழித்தாள்.

பூரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

சாயங்காலம் நானும் மாடத்தியும் ஆக்ஸிஜன் மெஷினை ஹாலுக்கு உருட்டி வந்தோம். இனி அது என் கண் முன்னால்தான் ஓட வேண்டும். பராமரிப்பு நாளில் டிவியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, பேட்டரி முழுக்க மூச்சுக்கு மட்டும். இவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் நம்ப மாட்டேன் என்றேன். இந்தச் சத்தத்தில் நியூஸ்கூடக் கேட்காது, எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் சீட் போட்ட மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் மாடத்தியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்கு நான் புடவை மாற்றாமல் நிற்பதைப் பார்த்து, இவர் பேப்பரை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். பராமரிப்பு அறிவிப்பைத் தேடுகிறார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இருக்கே டீச்சர்" என்றார். "நீ போகலையா?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது."

நாற்காலி வேண்டாம் என்று சோபாவிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு கேட்டது. மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் போலத்தான் இருந்தது, எழுந்திருக்கவில்லை. எங்கே போகலாம், காஷ்மீர் இருக்கிறது, அஸ்ஸாம் இருக்கிறது, பூரணி எவ்வளவோ போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார்.

"புனலூருக்கே போவோம்" என்றார். "அன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கல."

ராஜபாளையத்திலிருந்தே போட்டேன்.